சாலின் ஜன்னலும் ஜீவாவின் நகரமும்

1991 செப்டெம்பரில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் மார்க் வைசர் எழுதிய கட்டுரையை இலக்கியப் பிரதியாக வாசிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வாசிக்கலாம் என்பதே என் எண்ணம். அதற்குள் ஒரு சிறுகதை இருக்கிறது. சால் என்றொரு பெண் விழித்தெழுகிறாள். அவள் புரண்டு படுத்ததை உணர்ந்த மணிக்கூடு, கோப்பி வேண்டுமா என்று கேட்கிறது. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அதற்குப் புரியும். ஜன்னலைப் பார்க்கிறாள். அதிகாலையில் தெருவில் போய்வந்த அயலவர்களின் தடங்கள் கண்ணாடியில் தெரிகின்றன. காரில் ஏறினால் முன்னே நெரிசல் இருப்பதும், வாகனம் நிறுத்த எங்கே இடமுண்டு என்பதும் அவளுக்கு அறிவிக்கப்படுகின்றன. வீடும் தெருவும் அலுவலகமும் கணினியாகிவிட்ட நகரம் அது. ஆனால் கணினி என்று சுட்டிக்காட்ட அங்கே எதுவுமில்லை.

வைசர், ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றி 1999இல் மறைந்தவர். ‘எங்கும் நிறைந்த கணிப்பு’ என நாம் பெயர்க்கக்கூடிய துறைக்குப் பெயரிட்டவரும் அவரே. (இந்த அடைமொழியைத் தமிழ் இதுவரை யாருக்கு வைத்திருந்தது என்று எண்ணும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.) ஆழமான தொழில்நுட்பம் அன்றாட வாழ்வில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும் என்பது அவரது வாதத்தின் அடிப்படை. எழுத்தை உதாரணம் காட்டுகிறார். தெருப் பெயர்ப்பலகையையும் இனிப்பு சுற்றிய தாளையும், வாசிக்கிறோம் என்ற உணர்வின்றியே வாசித்துவிடுகிறோம் அல்லவா? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்கும் எவரும் இதை ஒப்புக்கொள்வர்.

அடுத்த உதாரணம் மின்மோட்டார். வன்னி வாசகன் இடறுவது இங்கேதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்கு பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவை வானொலியோடு தொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். அவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். யாருடைய கை மின்சாரத்தை உண்டாக்குகிறது என்பது சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது கொழும்புக்கும் அது கண்ணுக்குத் தெரிந்தது. வைசர் சொல்லும் மறைதல், வேறு யாரோ பராமரித்துத் தரும் ஊர்களில் வாழ்வோரின் அனுபவம். அதை அவர் தொழில்நுட்பத்தின் பொது விதியாக எழுதிவிட்டார்.

இக்கட்டுரைக்குச் சில ஆண்டுகள் முன்பே சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை எழுதிவிட்டார். அந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்தை நாம் இப்போது கடந்தும் விட்டோம். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், இலக்கம், பிள்ளை பெற அரச அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவன். கடைசியில் அந்த ஜீவாவே வெறும் பிம்பம் என்று தெரியவருகிறது. சுஜாதாவின் வேகமும் பகிடியும் பல இடங்களில் நாவலை மெலிதாக்கிவிடுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு விடயத்தில் அவர் வைசரை விடக் கூர்மையானவர். ஆட்சியைக் கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கமைப்பில் வைத்த அவர், எதிர்ப்பைக் கண்ணுக்குத் தெரியும் ஓர் இயந்திரத்தில், வாயாடும் ஜீனோ என்ற நாய்க்குட்டியில் வைத்தார். நிலா அதனோடு வாதாடலாம். சாலின் மணிக்கூட்டிடம் இல்லை என்றாவது சொல்லலாம். ஜன்னலில் தெரியும் அயலவர்களிடம் யாரும் அனுமதி கேட்டதாக வைசர் எழுதவில்லை.

வைசர் அபாயத்தை அறியாதவரல்லர். அறைக்கு நூறு கணினி என்றாகி, அவை மனிதரை உணரவும் தொடங்கினால், இதுவரை கண்ட சர்வாதிகாரமெல்லாம் அராஜகம் போலத் தோன்றும் என்ற கருத்தை அவரே சொல்கிறார். ஆனால் அதற்கான பரிகாரத்தைக் குறியாக்க நுட்பத்திடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்.

கணினி தான் இருக்கும் இடத்தை அறிய வேண்டும் என்பது அவர் முதன்மையாக வலியுறுத்தும் அம்சங்களுள் ஒன்று. இடம் என்ற சொல்லை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வற்றாப்பளைக்கு அயலான தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் வீடும் முல்லைத்தீவில் ஊருமாக ஒரு தலைமுறையே வளர்ந்தது. வாக்காளர் இடாப்பில் எந்த இடத்தைப் பதிவது என்ற கேள்வி அவர்களை எத்தனை ஆண்டுகள் அலைக்கழித்தது! ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஓரிடம் என்பது சாலின் ஊரில் வெறும் தரவு. இங்கு அதுவே வழக்கு.

சோதனைச் சாவடியையும் இதனோடு சேர்த்து யோசிக்கலாம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் ஓமந்தையைக் கடந்தவர்களுக்குத் தம்மைச் சோதிப்பவரின் முகம் தெரிந்தது. கெஞ்சலாம், விளக்கம் சொல்லலாம், சில வேளை பலித்தும் இருக்கும். இந்தியா 2015இல் தொடங்கிய திறன்மிகு நகரத் திட்டத்தின் 100 நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையங்கள் அமைந்தன. தெருக்கமராவுக்குக் கீழே நடந்துபோகிறவர் யாரிடம் விளக்கம் சொல்வார்?

நம் நாட்டில் இந்தக் கணிப்பு முதலில் நெருங்கி வந்தது பெற்றோல் செட்டுக்குத்தான். 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அறிமுகமானது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தையும் பதிந்தால் கியூ.ஆர். குறியீடு வரும், மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரம் 4 லீற்றர். நாட்கணக்கில் நீண்ட வரிசைகளை அது குறைத்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆள்பார்த்து அடிக்கும் பழக்கத்துக்கு இயந்திரத்தின் பாரபட்சமின்மை எவ்வளவோ மேல். ஆனால் 2009இல் வாகனத்தையும் பத்திரத்தையும் நந்திக்கடல் ஓரத்தில் விட்டுவந்த ஊரில், யார் பெயரில் எது பதிவாகியிருக்கிறது என்பதே பலருக்குச் சிக்கல். வைசர் ஓர் அங்குலம், ஓர் அடி, ஒரு யார் என்று மூன்று அளவுகளில் சாதனங்களைத் திட்டமிட்டார். நல்ல கைபேசி இல்லாதவர்களுக்கு அது கொமினிகேசனில் அச்சடித்து லெமினேட் செய்த கடதாசித் துண்டாக வந்தது.

2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. பதிந்த இலக்கங்கள் இப்போது யாரிடம் என்று செட்டில் நிற்கும் பொடியனிடம் கேட்டுப் பயனில்லை. அவனிடம் தரப்பட்டிருந்தது குறியீட்டை வாசிக்கும் ஒரு கைபேசி மட்டும்.