வட்டாரக் குளிரூட்டலும் கட்டட மாதிரியாக்கமும்: புதுச்சேரி கோல்கொண்டே எழுப்பும் கேள்விகள்

வட்டாரக் குளிரூட்டல் என்பது ஒரு மைய ஆலையில் நீரைக் குளிர்வித்து, குழாய்கள் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்பும் முறையாகும். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் இது நடைமுறையில் உள்ளது. ஆலையின் அளவைத் தீர்மானிப்பது கட்டடங்களின் கணினி மாதிரிகள் காட்டும் உச்சத் தேவையே. இத்தகைய திட்டங்களில் பயன்படுத்திய குளிர்ச்சிக்கு மட்டுமன்றி, ஒப்பந்தம் செய்த கொள்ளளவுக்கும் கட்டணம் பெறுவது வழக்கம். மாதிரி கூட்டிக் கணித்தால், அந்தப் பிழைக்கான விலையை வாடிக்கையாளரே ஆண்டுக்கணக்கில் செலுத்துவார்.

நூற்றுக்கணக்கான கட்டடங்களை விரைவாகக் கணிக்கப் பரவலாகப் பயன்படுவது மின்தடை–மின்தேக்கி மாதிரி. சுவர் வெப்பத்தைத் தடுப்பதை மின்தடையாகவும், தேக்கி வைப்பதை மின்தேக்கியாகவும் கொண்டு, கட்டடத்தை ஒரு மின்சுற்றாக அது பார்க்கிறது. வட்டார வெப்பமூட்டல் வேரூன்றிய டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளில் இது பெரிதும் பொருந்தும். அங்கே குளிர்காலத்தில் ஜன்னல்கள் மூடியிருக்கும். வெப்பநிலையைக் கணக்கிட்டாலே பெரும்பாலும் போதும்.

அதே எளிய மாதிரியைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தொடங்குகிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டே இதற்கு நல்ல உரைகல். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, பிரான்டிசெக் சாமர், ஜார்ஜ் நகாஷிமா ஆகியோர் களத்தில் நின்று எழுப்பிய இந்தக் கான்கிரீட் கட்டடத்தின் வேலை 1930களில் தொடங்கி 1940களில் முடிந்தது. நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அவற்றில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைத்தகடுகள் இருக்கின்றன. அறைகளுக்குக் காற்று புகும் தேக்குச் சறுக்குக் கதவுகள். மேலே வளைந்த முன்வார்ப்புக் கான்கிரீட் ஓடுகள் கூரைக்கு நிழல் தருகின்றன. வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்பத் தகடுகளைத் திருப்புபவர் அறையில் இருப்பவர்தான். கட்டடத்தின் இயந்திரமே அவர் என்றும் சொல்லலாம். எளிய மாதிரியிலோ அவர் வெப்பம் வெளியிடும் ஓர் எண் மட்டுமே. காற்றோட்டமும் மாறாத ஓர் எண்தான்.

இரண்டாவது குறை ஈரப்பதம். கடலோரக் காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியையும் நீராக்கி வெளியேற்ற வேண்டும். இந்த உள்ளுறை வெப்பம் மொத்தச் சுமையில் கணிசமானது. வெப்பநிலையை மட்டும் பின்தொடரும் மாதிரி இதைத் தவறவிடும். ஆக, காற்றோட்டத்தால் கிடைக்கும் ஆறுதலைப் புறக்கணித்துத் தேவையைக் கூட்டுகிறது. ஈரத்தைப் புறக்கணித்துக் குறைக்கிறது. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்த மின்கட்டணத்தோடு விடை ஒத்துப்போய்விட்டால்தான் ஆபத்து அதிகம். மாதிரி சரிபார்க்கப்பட்டதாகவே கருதப்படும். மழைக்காலத்திலோ காற்றே இல்லாத மே மாத இரவிலோ அது கைவிடும்.

எனர்ஜிபிளஸ் போன்ற விரிவான மென்பொருள்கள் ஈரப்பதத்தையும் ஜன்னல் வழிக் காற்றோட்டத்தையும் கணக்கிட வல்லவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எந்தத் தகடு எப்போது திறந்திருக்கும் என்பதை மென்பொருள் அறியாது. கோல்கொண்டேயைக் குளிரூட்ட வேண்டும் என்பதும் இங்கு வாதமன்று. அதன் திறந்த முகப்பில் குளிர்ந்த காற்று நில்லாது. அத்தகைய கட்டடத்துக்குக் குளிர்ச்சியே தேவைப்படாத மணிநேரங்கள் எத்தனை என்பதை மாதிரி முதலில் காட்ட வேண்டும். அதற்கு அறைகளின் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும், தகடுகளின் நிலையையும் ஓராண்டு முழுக்கப் பதிவு செய்திருக்க வேண்டும்.