சக்கர வீட்டின் விளக்கு

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுத்த நாள் முதலாக, சக்கரங்களின்மேல் குடித்தனம் நடத்த விரும்பியோருக்கு ராத்திரி வெளிச்சம் ஒரு கவலையாகவே இருந்து வந்தது. பத்து வாட் ஹாலஜன் பல்பின் பிரகாசத்தை ஏறக்குறைய இரண்டே வாட்டில் அளிக்கவல்ல எல்.இ.டி. விளக்கு வந்த பிறகே பாட்டரி சற்று மூச்சுவிட்டது.

ஆயினும், 12 வோல்ட் என்று நாம் சொல்லுகிற அந்தப் பாட்டரி, என்ஜின் ஓடிச் சார்ஜ் ஏறுகையில் 14 வோல்ட்டையும் தாண்டிவிடுமாதலால், அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட விளக்கையே தேர்ந்தெடுப்பது விவேகம். மலிவுச் சரக்கு சூடேறி அற்பாயுளில் மடியும். நிறத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: 2700 கெல்வின் அளவிலான பொன்னிற ஒளியே உறங்குமிடத்துக்கு உகந்தது.

பட்டை விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மூன்று எல்.இ.டி. மணிகளுக்கு ஒருமுறை செப்புப் புள்ளிகளும், நடுவே மெல்லிய கோடும் தென்படும். மூன்று மணிகளும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்தே மின்னழுத்தத்தைப் பகிர்ந்துகொள்வதால், அக்கோட்டில் வெட்டினால்தான் மிச்சம் பழுதின்றி எரியும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

பாட்டரியிலிருந்து தூரம் கூடினால் கடைசி விளக்கு மங்குமாகையால், ஒயரைத் தடிப்பாகவே வாங்குங்கள். பாட்டரியின் பாசிட்டிவ் முனையருகே ஃப்யூஸைப் பொருத்திய பின்னரே முதல் சுவிட்சைப் போடுங்கள்.