அச்சத்தின் அணியிலக்கணம்

அணியிலக்கணம் கவிதைக்கு மாத்திரமே உரியது என்றும், அரசியல் மேடையிலும் பத்திரிகைப் பத்தியிலும் வழங்கும் சொற்களை ஆராய்தல் இலக்கிய விமர்சகனின் வேலையன்று என்றும் கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். இக்கருத்துப் பொருந்தாது. உவமையும் உருவகமும் மனித உணர்ச்சியை ஒரு திசையிற் செலுத்தும் கருவிகள். கவிஞன் கையில் அவை எக்காரியத்தைச் செய்கின்றனவோ, அதனையே அதிகாரத்தில் உள்ளோர் கையிலும் செய்கின்றன. கவிதையில் அணி பிழைத்தால் ஒரு செய்யுள் கெடும்; அரசியலில் அது ஒரு நாட்டையே அழித்துவிடக்கூடும்.

ஈராக் யுத்தத்துக்கு முந்திய மாதங்கள் இதற்குத் தக்க சான்றாகும். 2002 செப்டெம்பர் 8ஆந் திகதி, அமெரிக்க ஜனாதிபதியின் தேசிய பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கொண்டலீசா ரைஸ் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் ஒரு கூற்றை வெளியிட்டார். சதாம் ஹுசைன் எவ்வளவு விரைவில் அணு ஆயுதம் பெறுவார் என்பதில் எப்போதும் ஓரளவு ஐயம் இருக்கும். ஆயினும் புகையும் துப்பாக்கி ஒரு காளான் மேகமாக இருப்பதை நாம் விரும்பவில்லை என்பதே அதன் சாரம். ‘புகையும் துப்பாக்கி’ என்பது ஆங்கில வழக்கில் குற்றத்தை ஐயமின்றி நிறுவும் சான்றைக் குறிக்கும். ‘காளான் மேகம்’ அணுகுண்டு வெடித்தபின் எழுவது. ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் அறிந்த உலகத்துக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் 7ஆந் திகதி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் சின்சினாற்றி நகரில் ஆற்றிய உரையிலும் இதே உருவகம் இடம்பெற்றது.

இக்கூற்றின் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வழக்கொன்றில், குற்றஞ்சாட்டுபவனே சான்று காட்டக் கடமைப்பட்டவன். இங்கோ சான்று கேட்பவன் குற்றவாளியாக்கப்படுகிறான். சான்று வரும் வரை பொறுப்போம் என்று ஒருவன் சொன்னால், நகரங்கள் எரியும் வரை பொறுப்போம் என்று அவன் சொன்னதாகவே பொருள்படும். சான்றில்லாமை என்ற குறைபாடு, விரைந்து போர் தொடுப்பதற்கான நியாயமாக மாறிவிடுகிறது. மேலும், யுத்தம் அல்லது அணுநாசம் என்ற இரண்டே வழிகள் கேட்போர் முன் வைக்கப்படுகின்றன. பரிசோதகர்களை அனுப்பி உண்மையை அறியலாம் என்ற மூன்றாவது வழிக்கு அங்கே இடமில்லை.

ஒரு செய்தியை எந்தச் சட்டகத்துள் வைத்துக் காட்டுகிறோம் என்பது மனிதரின் தீர்ப்பையே மாற்றிவிடும் என்பதை, அமோஸ் ற்வெர்ஸ்கி, டானியல் கானமன் என்னும் உளவியலாளர் இருவர் 1981இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்தியது. 600 பேரைக் கொல்லக்கூடிய கொள்ளைநோய் ஒன்றைக் கற்பனையாகக் கூறி, அதனை எதிர்கொள்ளும் திட்டங்களுள் எது சிறந்தது என அவர்கள் வினவினர். ‘200 பேர் காப்பாற்றப்படுவர்’ என்று கூறப்பட்ட திட்டத்தை 72 வீதமானோர் தெரிந்தனர். அதே திட்டத்தை ‘400 பேர் இறப்பர்’ என்று வேறொரு குழுவினருக்குக் கூறியபோது, 22 வீதமானோரே அதனை ஏற்றனர். ஏனையோர், எல்லாரும் பிழைக்கவோ எல்லாரும் மடியவோ கூடிய சூதாட்டத்தை விரும்பினர். எண்ணிக்கை மாறவில்லை, சொல்லே மாறியது. இழப்பு முன்னிறுத்தப்படும்போது மனிதர் சூதாடத் துணிகின்றனர். காளான் மேகமோ இழப்பின் உச்சப் படிமம். அதனைக் கண்முன் நிறுத்திவிட்டால், யுத்தம் என்னும் பெருஞ்சூதும் விவேகம்போலத் தோன்றலாகும்.

தமிழ் அணியிலக்கணம் பயின்றோர் தற்குறிப்பேற்ற அணியை அறிவர். இயல்பாக நிகழும் ஒன்றின்மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவது அது. மதுரையின் மதிற்கொடிகள் காற்றில் அசைந்ததை, கோவலனை வரவேண்டாமென்று அவை கைகாட்டி மறித்ததாக இளங்கோ பாடினார். கொடிக்கு அத்தகைய எண்ணம் இல்லை என்பதைக் கவிஞரும் அறிவார், வாசகரும் அறிவர். இருவருக்கும் பொதுவான அந்த அறிவே அணிக்கு அழகு தருகிறது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்களின்மீதும் இத்தகைய குறிப்பொன்று ஏற்றப்பட்டது. யுரேனியத்தைச் செறிவாக்கும் சுழற்பொறிகளுக்கென்றே அவை தருவிக்கப்பட்டன என்றனர். அமெரிக்காவின் வலுசக்தித் திணைக்கள நிபுணர்கள் இதனை ஏற்கவில்லை. ஈராக் முன்பே செய்துவந்த 81 மில்லிமீற்றர் ரொக்கெற்றுகளுக்கு அக்குழாய்கள் பொருந்தின. குழாயின்மீது குண்டின் குறிப்பை ஏற்றியோர் அதனை அணியென்று கூறாது, நிறுவப்பட்ட உண்மையென்றே உலகுக்கு அறிவித்தனர்.

அவ்வுண்மை மக்களிடம் சென்ற முறையும் கவனிக்கத்தக்கது. ரைஸ் பேசிய அதே ஞாயிறன்று நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் முதற்பக்கத்தில், அரசாங்க அதிகாரிகளை ஆதாரமாகக் கொண்டு இக்குழாய்கள் பற்றிய செய்தி வெளியாயிற்று. காளான் மேக உருவகமும் அதில் இருந்தது. அன்றே உப ஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி அப்பத்திரிகைச் செய்தியைச் சுட்டிக்காட்டினார். அரசாங்கம் பத்திரிகைக்குச் சொன்னது. பத்திரிகை எழுதியதை அரசாங்கம் சான்றாகக் காட்டியது. இரு குரல்கள் தனித்தனியே ஒன்றைக் கூறுவதாக மக்கள் எண்ணினர். ஒலித்ததோ ஒரே குரல். மறுமாதம் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்ற வாக்குகளாலும், செனற் சபை 77க்கு 23 என்ற வாக்குகளாலும் ஜனாதிபதிக்கு யுத்த அதிகாரத்தை வழங்கின.

அபாயத்தின் பருமனே அச்சத்தின் பருமனை நிர்ணயித்தது என்று வாதிப்போர் வடகொரியாவை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஈராக்கினுள் பரிசோதகர் நடமாடிக்கொண்டிருந்த 2002 டிசெம்பரில், வடகொரியா அவர்களை வெளியேற்றியது. 2003 ஜனவரி 10ஆந் திகதி அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2006 ஒக்டோபரில் குண்டொன்றை வெடித்தும் காட்டியது. ஆயினும் அக்காலத்தில் அந்நாட்டைப்பற்றி வாஷிங்டன் பேசியபோது, இராஜதந்திர வழி, சமாதானத் தீர்வு என்ற சொற்களே முன்வந்தன. வடகொரியாவைத் தாக்குதல் கடினம் என்பது இதற்குக் காரணமாகலாம். அவ்வாறாயின் நமது கூற்றே உறுதியாகிறது. எந்நாட்டுடன் போரிடலாம் என்பது முதலில் தீர்மானிக்கப்பட்டது. அதற்கேற்ற அச்சம் பின்னர் புனையப்பட்டது.

2003 மார்ச் 7ஆந் திகதி, சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் தலைவர் முகமது எல்பரதேய், ஈராக் தன் அணுத்திட்டத்தை மீளத் தொடங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை என ஐ. நா. பாதுகாப்புச் சபையிற் கூறினார். நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்கும் முயற்சிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பத்திரங்கள் உண்மையானவையல்ல என்பதையும் வெளிப்படுத்தினார். 13 நாட்களில் யுத்தம் தொடங்கியது. அந்த அணுத்திட்டம் 1991இலேயே முடிவுற்றதென்று, அமெரிக்கா தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை செய்தது. அவ்வாண்டு மே 26ஆந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் தன் செய்திகளிற் சில போதிய கண்டிப்பின்றி வெளிவந்தன என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான ஈராக்கியர் மடிந்துவிட்டனர். திருத்தக் குறிப்பு இறந்தோரை எழுப்புவதில்லை.

எனினும் மக்கள் என்றும் ஏமாறுவர் என முடிவுகட்டுதல் தவறு. 2003 பெப்ரவரி 15ஆந் திகதி லண்டனிலும் ரோமிலும் இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்து யுத்தத்தை எதிர்த்தனர். அமெரிக்காவிலேயே நைட் ரிடர் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் அரசாங்கக் கூற்றுகளை ஐயத்துடன் ஆராய்ந்து எழுதினர். இவர்களிடம் இரகசிய ஞானம் எதுவும் இருக்கவில்லை. சொல்லப்பட்டது யாது, அதனைச் சொல்பவர் யார், சொல்லாது விடப்பட்டது எது என்று அவர்கள் வினவினர். நல்ல விமர்சகன் ஒரு பாட்டின்முன் எழுப்பும் வினாக்களும் இவையே.

அணு ஆயுத அபாயம் பொய்யன்று. அது மெய்யாக இருப்பதாலேயே அதனைப் பற்றிய சொற்களை நாம் கண்டிப்புடன் சோதித்தல் வேண்டும். பொய்யான அபாயத்துக்குச் செலவிடப்பட்ட அச்சம், மெய்யான அபாயம் வரும்போது நம்பிக்கையின்மையாக எஞ்சும். பரீட்சைக்கு அணிகளின் பெயரை மனனஞ் செய்விப்பதோடு நமது தமிழ்க் கல்வி நின்றுவிடலாகாது. அரசின் வாயிலிருந்து அணி பிறக்கும்போது அதனை இனங்கண்டு, இது எவர் குறிப்பு, எதன்மீது ஏற்றப்பட்டது என்று கேட்கும் தலைமுறையை அது உருவாக்குதல் வேண்டும்.