ஓயாமல் ஓடும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'ரன்' என்பதற்கு மூன்றே எழுத்து. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக அதன் வினைப் பொருள்களைப் பிரித்தெடுக்க அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு 9 மாதம் பிடித்தது, எண்ணிக்கை 645. இதைச் சொல்வறுமை என்பாரும் உண்டு. எனக்கு அது சிக்கனமாகவே படுகிறது. ஆள் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, கடை நடத்துவது, நாடகம் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பது எல்லாமே 'ரன்'தான். நிற்காமல் தொடர்வது என்ற கருத்து எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதனால்தான் நீராவி இயந்திரம், ரயில், கணினி என ஒவ்வொன்று வந்தபோதும் புதுச்சொல் தேடாமல் இதையே நீட்டிக்கொண்டார்கள்.

குழப்பம் வராதா? பக்கத்துச் சொல் அதைப் பார்த்துக்கொள்கிறது. 'ரன் அவுட்' என்றால் சமையலறையில் பால் தீர்ந்தது. மைதானத்தில் ஆட்டக்காரர் வெளியேறினார். 645 என்பது அகராதிக்காரர் நுணுகிப் பிரித்த கணக்கு என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் பாதியாகக் குறைத்தாலும் மலைப்பு தீராது. ஒத்த சொற்கள் இல்லையா என்றால், ரோஜே 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் முதல் அவை குவிந்து கிடக்கின்றன. ஆனால் 'ஆபரேட்' இயந்திரத்துக்குப் பொருந்தும், மூக்குக்குப் பொருந்தாது. 'மேனேஜ்' என்றாலே அலுவலக வாடை. அந்த மொழிக்காரர்களே எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை: அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ்காரர், நம்மவரைப் போலவே, 'நிற்கிறார்'.