நாய்த்தட்டில் வைத்த சோறு: 'ட்வைலைட்' குறித்து ஒரு வாசிப்பு

அக்கா மகள் காலேஜ் விடுதியிலிருந்து லீவுக்கு வந்தப்போ பையில் நாலு தடிப் புத்தகம். ஸ்டெபனி மேயர் எழுதிய 'ட்வைலைட்' வரிசை. முதல் நாவல் 2005இல், நாலாவது 2008இல் வந்தது. "ரத்தம் குடிக்கிற பிசாசைக் காதலிக்கிற கதைக்கா இத்தனை பக்கம்?" என்று சிரித்தேன். "படிச்சுட்டுப் பேசு சித்தி" என்றாள். படித்துவிட்டேன். பேசுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்லா பதினேழு வயதுப் பெண். அம்மாவை விட்டு, ஓயாமல் மழை பெய்கிற ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரில் இருக்கும் அப்பாவிடம் வருகிறாள். கதையை அவளே சொல்கிறாள். தன் ஆசையை அவள் மறைப்பதில்லை, அதற்காக வெட்கப்படுவதுமில்லை. பார்க்கப்படும் உடம்பு இங்கே ஆணுடையது. பொம்பளைப் பிள்ளைக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட எனக்கு அது பிடித்திருந்தது. முதல் நாவலில் பாதிக்கு மேல் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. இருந்தும் பக்கம் புரள்கிறது. அது லேசான திறமை இல்லை.

எட்வர்டின் அழகை வர்ணிக்க வார்த்தைப் பஞ்சம், அதையே திரும்பத் திரும்ப அரைக்கிறார். அது கிடக்கட்டும். கேட்காமல் ராத்திரி ஜன்னல் வழியே வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான். மூன்றாம் நாவலில், அவள் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடாதபடி வண்டியின் இஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். பிரதி இதைக் காதல் என்கிறது. எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு.

என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது வேறொன்று. ஜேக்கப் குவிலியூட் பழங்குடிப் பையன். குவிலியூட் கற்பனை இல்லை. வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் லா புஷ் என்னும் ஊரில் இன்றும் வாழும் மக்கள். ஓநாய்களிலிருந்து மனிதர்களாக ஆனோம் என்பது அவர்களுடைய தொன்மம். நாவல் அதைக் கவிழ்த்துப்போடுகிறது: கோபம் வந்தால் மனிதர்கள் மிருகமாகிறார்கள். ரத்தக் காட்டேரிகளோடு பரம்பரைப் பகை என்பது மேயர் சேர்த்த சரக்கு. 2010இல் சியாட்டில் கலைக்கூடத்தில், நிஜமான குவிலியூட் ஓநாய்கள் எவை என்று காட்ட ஒரு கண்காட்சியே வைக்க வேண்டியிருந்தது.

கதையில் காட்டேரிக் குடும்பத்துக்கும் குவிலியூட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது: எல்லை தாண்டக்கூடாது. காட்டேரிகள் தலைமுறைகளாக அதை மதிக்கிறார்கள். வரலாறு என்ன? 1855-56இல் வெள்ளையர் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களது காடும் ஆறும் போயின. மிஞ்சியது சுமார் ஒரு சதுர மைல். 1889இல், ஊர்சனம் கூலிக்கு ஹாப்ஸ் பறிக்கப் போயிருந்த நேரத்தில், அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய வெள்ளைக் குடியேறி ஒருவன் 26 வீடுகளைக் கொளுத்தினான். ஊரைக் கொளுத்துவது நமக்குப் புதுசா என்ன! சுனாமி அபாயத்திலிருந்து மேட்டுக்குக் குடிபெயர கொஞ்சம் நிலம் திரும்பக் கிடைக்க 2012இல்தான் சட்டம் வந்தது. வெளுத்த தோல்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்பதே இந்தக் கதையாடலின் ஆகப்பெரிய மாயாஜாலம். பிசாசு, ஓநாய் எல்லாம் அதற்கப்புறம்.

காட்டேரிகளுக்குப் பளிங்குத் தோல், வெயில் பட்டால் மின்னும். கையில் குறையாத பணம். பழுப்புத் தோல் பையன்களுக்குச் சட்டை கிடையாது, அடக்கம் கிடையாது, நாற்றம் உண்டு. ஓநாய்களுக்கும் காட்டேரிகளின் வாடை ஆகாதுதான், சமன் செய்துவிட்டாராம். நாற்றத்தை வைத்து ஆளைத் தள்ளிவைப்பதை அறிந்த எவரும் இந்தச் சமன்பாட்டை நம்பமாட்டார்.

நாலாம் நாவலில் ஜேக்கப் அந்த வீட்டுக்கு உதவியாக வந்திருக்கிறான். பசி. வீட்டுக்காரி ரோசலி ஓர் உலோகக் கிண்ணத்தை நாய்த்தட்டு மாதிரி நெளித்து, நாய்க்கு வைக்கிற பெயரை நகத்தால் கீறி, அதில் அவனுக்குச் சோறு தருகிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டீக்கடைக்கு வெளியே சிரட்டையில் குடித்த என் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. ஜேக்கப் தட்டை நசுக்கி அவள் தலையில் எறிகிறான், உண்மைதான். ஆனால் அவள் கூந்தலில் சோறு ஒட்டிக்கொண்ட வேடிக்கையாக அது முடிகிறது. கடைசியில் அந்த வீட்டில் பிறந்த குழந்தையோடு, தன் விருப்பத்தைக் கேட்காமலே, அவன் ஆயுளுக்கும் பிணைக்கப்படுகிறான். இதை மந்திரம் என்கிறார் மேயர். எனக்குப் பண்ணையாள்தான் தெரிகிறான்.

லேயாவைப் பற்றியும் சொல்லணும். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் ஓநாய். காதலனைப் பறிகொடுத்தவள், எல்லோரையும் எரிச்சல்படுத்துகிறாள். அவளைச் சிடுமூஞ்சி என்று மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள். இந்த நாலு புத்தகத்திலும் நான் கூட உட்கார்ந்து பேச விரும்பியது அவளோடுதான். அவள் வாயால் கதை வந்திருந்தால்?

லீவு முடிந்து கிளம்பும்போது அக்கா மகளிடம் கேட்டேன், "அந்தத் தட்டு இடத்தைப் படிச்சப்போ என்னடி நெனச்ச?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சிரிச்சேன் சித்தி. ரூம்ல எல்லாரும் சத்தமாப் படிச்சுச் சிரிச்சோம்."