ஐம்பத்து மூன்று மணியும் அன்னையின் மடல்களும்

கொல்லிமலை வாசலூர்பட்டியில் ஒரு மாலை. வீட்டுச் செபமாலை முடிந்ததும் வயதான அம்மையார் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். "சாமி, ஐம்பத்து மூணு மணியும் விரல்ல ஓடுது. மனசு மட்டும் மிளகுக் கொடியிலயே நிக்குது. வருசக்கணக்கா இப்படித்தான். இது செபத்துல சேருமா?" என்றார். கொல்கத்தா அன்னை தெரேசாவுக்கே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் செபத்தில் ஆறுதல் கிட்டவில்லை என்று உடனே தேற்றினோம். "அவங்க புனிதர் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் மெழுகுதிரியை அணைக்கப் போய்விட்டார்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும்வரை அம்மறுமொழி நம்மை விடவில்லை. நாம் காட்டிய சான்று பொருந்துமா என்றறிய, அன்னையின் மடல்தொகுப்பை மீண்டும் எடுத்து வாசித்தோம்.

'வா, என் ஒளியாய் இரு' என்று பொருள்படும் தலைப்புடன் 2007-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் அது. அன்னையின் புனிதர் பட்டத்துக்கான வேண்டுகையாளராகிய பிரயன் கொலோடிச்சுக் அடிகளார் தொகுத்தது. 1946-இல் டார்ஜிலிங் இரயில் பயணத்தில் அழைப்பை உணர்ந்த காலத்தில் பெருகிய இனிமை, சேரிப்பணி தொடங்கிய சிறிது காலத்திலேயே வற்றிவிடுகிறது. 1958 அக்டோபரில், திருத்தந்தை 12-ஆம் பத்திநாதருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட இரங்கல் திருப்பலியின்போது அது திரும்பி வருகிறது. சில வாரங்களில் மீண்டும் மறைகிறது. இம்மடல்களில் முற்றுப்புள்ளி அரிது. கோடுகளே வாக்கியங்களைப் பிரிக்கின்றன. மூச்சு வாங்கி வாங்கி எழுதியதுபோல் நமக்குப் படுகிறது.

மடல்களை அழித்துவிடும்படி அன்னை பேராயர் பெரியேரிடம் மன்றாடியிருந்தார். ஆன்ம வழிகாட்டிக்கு எழுதியதை ஊரறிய அச்சிட்டது தகுமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய நமக்கு உறுத்தல் உண்டு. வாசித்தபின் அச்சிட்டதற்காக நன்றியும் உண்டு. இரண்டையும் ஒருசேரச் சுமக்கிறோம்.

நூல் வந்தபோது, அன்னை விசுவாசத்தை இழந்துவிட்டார் என்று எழுதியோர் உண்டு. காணாத ஒருவரைத் தேடித்தான் ஒருவர் இத்தனை ஆண்டுகள் அழுவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் நமது பெரிய குறை தொகுப்பாசிரியர்மீதே. ஒவ்வொரு மடலையும் ஒட்டி, இவ்விருளின் மேன்மை இன்னது என்று விளக்கவுரை விரைந்து வந்துவிடுகிறது. அந்த வெறுமையின்முன் சற்றுநேரம் வாளாவிருக்க வாசகரை அது விடுவதில்லை. வாசலூர்பட்டியில் நாம் செய்ததும் அதேதான்.

இயேசு சபைக் குருவான யோசேப்பு நியூனர் அவ்வாறு விரையவில்லை. (துய்ப்புயி அடிகளாருடன் அவர் தொகுத்த திருச்சபைப் படிப்பினை நூலைக் குருமடத்தில் தேர்வுக்காக உருப்போட்டோம், இப்படியும் ஒரு பணி செய்தவர் அவர் என அன்று அறிந்தோமில்லை.) 1961-இல் அவர் அன்னைக்குக் கேட்க ஒரு செவி தந்தார், இருளை அகற்ற முயலவில்லை. இறைவனுக்கான ஏக்கமே அவர் மறைவாய் உடனிருப்பதன் அடையாளம் என்றார். பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாக அவ்விருளை நேசிக்கத் தொடங்கியதாக அன்னை அவருக்கு எழுதினார். வறட்சி மட்டும் நீங்கவேயில்லை. அந்த நிலையிலேயே, 1973-இல், அவருடைய சபை நாள்தோறும் ஒரு மணிநேர நற்கருணை ஆராதனையை மேற்கொண்டது. சுவையற்றுப்போன செபத்தைக் குறைக்கத் தேடுவதே நம் வழக்கம்; நமது கட்டளை செபத்துக்கு நேர்வதை நாமறிவோம்.

ஆயினும் அம்மையார் சொன்னது சரியே. சிலுவை அருளப்பர் இருண்ட இரவுக்கு அடையாளங்கள் வகுக்கும்போது, இறைக்காரியங்களிலும் சரி, படைப்புப் பொருள்களிலும் சரி, ஆன்மா சுவை காணாது என்கிறார். மிளகுக் கொடியில் மனம் நிற்பது அவ்விரவன்று. அதற்குப் பராக்கு என்று பெயர். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2729) பராக்குகளைத் துரத்திப்போவதே கண்ணி என்கிறது. இதயத்துக்குத் திரும்புவது போதும். நாம் எதில் கட்டுண்டிருக்கிறோம் என்பதைப் பராக்கே காட்டிக்கொடுக்கும், அதை ஆண்டவரிடம் கொண்டுவரலாம்.

அந்த அம்மையாரின் மிளகுக்கு என்ன நேர்ந்தது? வாடல் கண்டதா, கடன் நெருக்கியதா? அன்று நாம் கேட்கவில்லை. அடுத்த முறை மலையேறும்போது அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.