நிசேயாவும் நம் மேடைகளும்

நிசேயா மன்றத்தில் கி.பி. 325இல் கூடிய ஆயர்கள் நான்கு சுவிசேஷங்களைத் தேர்ந்து ஏனையவற்றை எரித்தனர் என்னும் வாதம் நம் கம்பம் பள்ளத்தாக்கின் மார்க்க மேடைகளிலும் ஒலிக்கிறது. இது வரலாறன்று. அம்மன்றம் விசாரித்தது ஆரியுஸின் கொள்கையை. வேதநூற் பட்டியல் எதுவும் அதன் தீர்மானங்களில் இல்லை. நான்கு சுவிசேஷங்களை இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியுஸ் வலியுறுத்திவிட்டார். இருபத்தேழு நூல்களின் பட்டியலோ அத்தனாசியுஸின் 367ஆம் ஆண்டு மடலில் வருகிறது. ஸனதில்லா ஹதீஸைக் கேட்டு முகஞ்சுளிக்கும் நாம், பிறர் வேதம் பற்றி ஸனதில்லாக் கதை பேசுவது எங்ஙனம் தகும்?

1854இல் ஆக்ராவில் ஃபண்டரை எதிர்கொண்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, டாக்டர் வஸீர் கானின் துணையுடன் ஐரோப்பிய விவிலிய ஆய்வாளர்களின் நூல்களையே சான்றாக வைத்தார். ஸர் ஸய்யித் அஹ்மத் கானோ தம் விவிலிய விரிவுரையில், தஹ்ரீஃப் பெரிதும் பொருள்கொள்வதில் நேர்ந்ததென்றார். இருவர் முடிவும் வேறு. எனினும் படித்த பின்னரே பேசினர்.

லூக்கா தம் முகவுரையில், தமக்கு முன் பலர் எழுதினர் என்றும், கண்டோர் வழி வந்தவற்றை ஆராய்ந்தே தாம் எழுதுவதாகவும் கூறுகிறார். வஹீயைப் பெற்றெழுதியதாகக் கூறவில்லை. குர்ஆன் பேசும் இன்ஜீல் ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்டது. லூக்காவினுடையது அவர்களைப் பற்றி எழுதப்பட்டது. ஆதலின் அதனை முஸ்ஹஃபோடன்று, இப்னு இஸ்ஹாக்கின் ஸீராவோடு ஒப்பிடுவதே முறை. யமாமாப் போருக்குப்பின் ஸைத் பின் ஸாபித் (ரலி) திரட்டியதோ, ஏற்கெனவே ஓதப்பட்டும் மனனமிடப்பட்டும் வந்த வஹீயை. நம் தரப்பின் வலு இவ்வேறுபாட்டில் இருக்கிறது. அதை விடுத்து நிசேயாக் கதையை எடுத்தால், இராயப்பன்பட்டியில் இறையியல் கற்ற ஒருவர் ஆதாரம் கேட்கும்போது நாம் எந்நூலைக் காட்டுவோம்?